கூரையின் மகசூல்

போன வாரம் டென்சிலைத் திட்டித் தீர்த்துக் கடிதம் போட்ட வாசகிகளே, கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். "மருமகளிடம் ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசாத மனுஷன் என்ன பெரிய சபைச் செயலாளர்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி நியாயம்தான். ஆனால் டென்சிலுக்குள்ளே ஒரு பயம் இருக்கிறது. அது என்னவென்று தெரிந்தால் நீங்களே "அடப் பாவமே" என்பீர்கள்.

முதலில், நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. ரிச்சர்ட்ஸ் டவுனில் டென்சில், மௌரீன் தம்பதியின் வீடு. மகன் கிளெமென்ட்டுக்கு பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஞாயிறென்றும் பாராமல் ஷிப்ட். அவன் மனைவி ஐரின்தான் நம் கதாநாயகி. ஏரி, குளங்களையும் பழைய கட்டடங்களையும் காப்பாற்றுகிற ஒரு சின்ன டிரஸ்ட்டில் வேலை பார்க்கிறாள்.

இவர்கள் போகிற சர்ச் அல்சூரில் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. கீழே, சரிவு முடிகிற இடத்தில் ஒரு கோயில். அந்தக் கோயிலுக்கு ஒரு கல்யாணி, அதாவது படிக்கட்டு வைத்த குளம். இரண்டு வருஷமாக மழை ஏமாற்றிய இந்த 2003-ல் அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பிள்ளைகள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள். தெப்பத் திருவிழா எப்போதோ நின்றுபோயிற்று. கல்யாணி காய்ந்ததும் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளும் காய்ந்துவிட்டன. தெருவே தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கிறது.

ஐரின்தான் கண்டுபிடித்தாள். சர்ச்சின் பெரிய ஓட்டுக் கூரையில் விழுகிற மழையெல்லாம் ஒரு காலத்தில் கல் கால்வாய் ஒன்றின் வழியாக இந்தக் கல்யாணிக்குத்தான் போயிருக்கிறது! காம்பவுண்டுக்கு சிமெண்ட் பூசியபோது கால்வாயின் வாய் மூடிக்கொண்டது. அவ்வளவுதான் சங்கதி. கோயில் குளத்தைத் தூர் வாரட்டும், சர்ச் கூரைத் தண்ணீரை விடட்டும், கால்வாயைத் திறக்கிற வேலையை எங்கள் டிரஸ்ட் செய்யும் என்று அவள் ஒரு வருஷமாக இரண்டு வாசலுக்கும் நடையாய் நடந்தாள்.

நடந்து என்ன? சர்ச் கமிட்டி "யோசிக்கிறோம்" என்றது. கோயில் கமிட்டிக்குப் பொறுமை போய்விட்டது. தண்ணீர் வராத குளத்தில் மண்ணைக் கொட்டி மூடிவிட்டுக் கார் நிறுத்தலாம் என்று கிளம்பிவிட்டார்கள். தர்மகர்த்தா சேஷகிரி ஒருத்தர்தான் மல்லுக்கு நின்று தவணை வாங்கினார். அந்தத் தவணை இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. மத்தியானம் கோயில் கமிட்டி கூடுகிறது. அதற்குள் சர்ச்சின் சம்மதம் வந்தாக வேண்டும்; இல்லையென்றால் மறுநாளே மண் லாரி வந்துவிடும்.

சம்மதம் சொல்ல வேண்டியவர் சபைச் செயலாளரான டென்சில். சொல்ல மாட்டேன் என்கிறவரும் டென்சில்.

ஏன் என்கிறீர்களா? பல வருஷங்களுக்கு முன் சர்ச்சின் பின்பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "ஸ்வல்ப எடம் குடுங்க ஸார், ஒரு குழாய் மட்டும் போட்டுக்கறேன்" என்று கைகூப்பினார். சபையும் இரக்கப்பட்டது. குழாய்க்குக் காவலாக ஒரு ஷெட் வந்தது. ஷெட்டுக்கு ஒரு கதவு எண் வந்தது. கடைசியில் இடமே தன்னுடையது என்று கோர்ட்டுக்குப் போய்விட்டார் அந்தப் புண்ணியவான். அதை மீட்க டென்சில் தன் லீவையெல்லாம் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்தே கரைத்தார். கிளெமென்ட்டின் பள்ளி விளையாட்டு விழா ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. இடம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு "குழாய்" என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும்.

இப்போது சொல்லுங்கள், அடப் பாவமே!

ஞாயிறு காலை. அன்றைக்குச் சபையில் அறுப்பின் பண்டிகை. டென்சில் கோட்டும் டையுமாக மேஜையில் உட்கார்ந்து தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஐரின் எதிர் நாற்காலியில்தான் இருந்தாள்.

"மௌரீன், உன் மருமகளுக்குச் சொல்லு. மத்தியானம் அந்த சேஷகிரிகிட்ட நம்மால ஆகாதுன்னு சொல்லிடட்டும். மனுஷன வீணா காக்க வைக்க வேணாம்."

"அத்தை, மாமாகிட்ட சொல்லுங்க. நாங்க ஒரு அடி நிலம்கூட கேக்கலைன்னு."

"அவனும் கேக்கலைன்னு சொல்லு. குழாய்தான் கேட்டான்."

மௌரீன் தோசைக் கரண்டியோடு வெளியே வந்தாள். "நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா? நடுவுல நின்னு கனெக்ஷன் குடுக்கறதுக்கு? ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு, காது இருக்கு. பேசித் தொலைங்களேன்!"

டென்சில் கை கழுவிக்கொண்டு, ஏல மணியைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

ஐரின் தட்டைத் தள்ளி வைத்தாள். "விட்டுடறேன் அத்தை. இந்த வீட்டுல நான் பேசற வார்த்தைக்கு இவ்வளவுதான் மரியாதைன்னா, ஊரைத் திருத்தப் போறது எதுக்கு? சேஷகிரி ஸாருக்கு இப்பவே போன் பண்ணிடறேன்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"போனைத் தொட்டே, பிச்சுப்புடுவேன்" என்றாள் மௌரீன். "எழுந்து முகத்தைக் கழுவு. அந்த நீலப் புடவையைக் கட்டு. ஒரு ஆட்டோ கூப்பிடு."

ஆட்டோ வந்ததும் மௌரீன் கொல்லைப்பக்கத்திலிருந்து ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வாயில் ஈரத்துணி கட்டியிருந்தது.

"என்ன அத்தை இது? பாயசமா?"

"தண்ணி. வியாழக்கிழமை மழை கொட்டிச்சே, அப்ப பெண்கள் சங்கக் கூட்டத்துக்கு சர்ச்சுக்குப் போயிருந்தேன். கூரையிலேர்ந்து அருவி மாதிரி ஊத்தி ரோட்டுச் சாக்கடையில போய் விழுந்துது. வயிறு எரிஞ்சுது. குடத்தைக் கொண்டுபோய்ப் பிடிச்சேன்."

"இதை எதுக்கு இப்ப?"

"முதற்பலன்" என்றாள் மௌரீன். "பேசாம ஏறு."

அறுப்பின் பண்டிகையைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. சபையார் தங்கள் தோட்டத்திலும் வீட்டிலும் விளைந்ததை, செய்ததை, முதற்பலனாகக் கொண்டுவந்து பலிபீடத்தின் முன் வைப்பார்கள். பூசணிக்காய், கோழி, கேக், முருங்கைக்கீரை, எது வேண்டுமானாலும். ஆயர் ஜெபித்து முடித்தபின் எல்லாவற்றையும் மரத்தடிக்குக் கொண்டுபோய் ஏலம் விடுவார்கள். ஜெபித்த பொருளை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிற வழக்கம் கிடையாது. கொண்டுவந்தது கொத்தமல்லிக் கட்டானாலும் ஏலம் போயே தீர வேண்டும். யாரும் வந்து ஏலம் கேட்கலாம். தெருக்காரர்கள் எல்லா மதத்திலும் இருந்து வருவார்கள். சேஷகிரி விதான சௌதாவில் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் வந்து ஒரு தார் வாழைப்பழம் எடுத்துப்போகாமல் இருந்ததில்லை.

இவற்றோடு காம்பவுண்டு மரங்களின் மகசூலும் ஏலம். இரண்டு பலா, ஏழெட்டுத் தென்னை, ஒரு புளி. ஒரு வருஷத்துக் காய்ப்பு ஏலம் எடுத்தவருக்கு. மரம் என்றைக்கும் சபைக்கு.

ஏலம் விடுகிறவர் எப்போதும் டென்சில்தான். வீட்டில் உம்மென்று இருக்கிற இந்த மனுஷன் ஸ்டூல் மேல் ஏறி மணியைக் கையில் எடுத்தால் வேறு ஆள்! "இந்தக் கோழி சாதாரணக் கோழி இல்லை ஸ்வாமி, காலையில ஆறு மணிக்கு பைபிள் வாசிக்கற நேரத்துக்கு எழுப்பி விடும்" என்பார். கூட்டம் சிரித்துக்கொண்டே காசை அவிழ்க்கும். அன்றைக்கும் அப்படித்தான். வாழைத்தார் போயிற்று, கோழி போயிற்று, பலாவும் தென்னையும் புளியும் போயின. கேக்குகள் மட்டும்தான் மிச்சம் என்று நினைத்தபோது மௌரீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குடத்தை மேஜை மேல் வைத்தாள்.

"இது என்ன?" என்றார் டென்சில்.

"பலிபீடத்துல ஆயர் ஜெபிச்ச பொருள்தான். ஏலம் விடுங்க."

அவர் துணியை அவிழ்த்துப் பார்த்தார். "தண்ணி! குடத்துத் தண்ணிய யார் மௌரீன் ஏலம் எடுப்பாங்க?"

"குடத்துல இருக்கறது சாம்பிள்" என்றாள் அவள். குரல் கடைசி வரிசைக்கும் கேட்டது. "நம்ம சர்ச் கூரைத் தண்ணி. ஒரு வருஷ மகசூல். இப்பதான் பலாவ விட்டீங்க. அதே மாதிரி இதையும் விடுங்க."

டென்சிலின் முகம் சிவந்தது. ஐரினைப் பார்த்தார், அவளோ வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அவளுக்கே இது தெரியாது என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"தண்ணி கீழ போகக் கால்வாய் வேணும். கால்வாய் வந்தா பாத்தியதை வரும். எத்தனை தடவை சொல்றது?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பலா பறிக்க வர்றவன் ஏணி கொண்டு வர்றான். மரத்துல சாத்தறான். பறிச்சு முடிச்சதும் எடுத்துட்டுப் போறான். ஏணி சாத்தின இடத்தை எழுதிக் குடுன்னு இத்தனை வருஷத்துல எவனாவது கேட்டிருக்கானா?" மௌரீன் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "கால்வாய் நம்ம காம்பவுண்டுல நம்முதாவே இருக்கட்டும். கூரை நம்முது. ஒரு வருஷத்துத் தண்ணி மட்டும் ஏலம் எடுத்தவருக்கு. அடுத்த பண்டிகைக்கு மறுபடி இங்கயே வந்து நின்னு கேக்கணும். இதுல எந்தக் கோர்ட்டுக்கு என்ன வேலை?"

எனக்கு மௌரீனைக் கும்பிடத் தோன்றுகிறது. டிரஸ்ட்டில் அத்தனை பேர் உட்கார்ந்து எத்தனையோ ஒப்பந்தம் எழுதிப் பார்த்தார்கள். ஒன்றுக்கும் டென்சில் அசையவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது புது ஒப்பந்தம் இல்லை. அவரே வருஷா வருஷம் மணியடித்து நடத்துகிற, அவருக்கு உடம்போடு ஊறிய ஒரு வழக்கம். முப்பத்தைந்து வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு அது தெரிந்திருந்தது.

டென்சில் கொஞ்ச நேரம் குடத்தையே பார்த்தார். பிறகு பலாமரத்தைப் பார்த்தார்.

"சரி" என்றார். மணியைத் தூக்கினார். "கேளுங்கப்பா! அல்சூர் மேட்டுல, ஓட்டுக் கூரையில, வானத்துலேர்ந்து நேரா இறங்கற சரக்கு. கலப்படம் கிடையாது. ஒரு வருஷ மகசூல். யார் கேக்கறீங்க?"

"நூறு ரூபா" என்று உடனே கை தூக்கினார் சேஷகிரி. வாழைத்தார் அவர் காலடியில் இருந்தது.

"இருநூறு."

எல்லோரும் திரும்பினார்கள். கேட்டவன் ஜெயராஜ். சபைக்காரன்தான். அந்தத் தெருவுக்கே தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். சபைக்கு வாரி வழங்குகிறவன்; போன வருஷம் ஒலிபெருக்கி வாங்கித் தந்ததும் அவன்தான். கல்யாணி நிரம்பினால் கிணறு ஊறும், கிணறு ஊறினால் லாரியை யார் கூப்பிடுவார்கள்? அவன் கணக்கு அவனுக்கு.

"முந்நூறு" என்றார் சேஷகிரி.

"ஐந்நூறு. என் சம்ப்புத் தொட்டியில விட்டுக்கறேன் அங்கிள். ஏலம் எல்லாருக்கும் பொதுதானே?"

"பொதுதான்" என்றார் டென்சில். வேறென்ன சொல்வார்?

ஏறிக்கொண்டே போயிற்று. ஆயிரத்தைத் தாண்டியதும் சேஷகிரியின் நெற்றியில் வேர்வை. பென்ஷன்காரர். வேட்டி மடிப்பிலிருந்து பர்சை எடுத்துப் பார்த்தார், மூடினார். இன்னொரு தரம் கை தூக்கினார். ஜெயராஜ் அலட்டிக்கொள்ளாமல் அதற்கு மேல் கேட்டான். சேஷகிரியின் கை இந்தத் தடவை எழும்பவில்லை.

"ஸாரி அம்மா" என்றார் ஐரினிடம். "என்னால அவ்வளவுதான் முடியும்."

ஐரின் ஸ்டூல் மேல் நின்ற டென்சிலை நிமிர்ந்து பார்த்தாள். மாமனார் சம்மதித்துவிட்டார். ஒரு வருஷமாக எதற்கு அலைந்தாளோ அது நடந்துவிட்டது. அது நடந்த அதே நிமிஷத்தில் தண்ணீர் அந்த லாரிக்காரன் சம்ப்புக்குப் போகப்போகிறது. இந்த அநியாயம் உண்டா?

"ஒரு தரம்" என்றார் டென்சில்.

ஜெயராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"ரெண்டு தரம்."

மணி மேலே போயிற்று. மேலேயே நின்றது. டென்சில் ஸ்டூலிலிருந்து கீழே இறங்கினார். நேராக மருமகளிடம் வந்தார்.

"இந்தா, பிடி" என்று மணியை அவள் கையில் திணித்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. "மணி வெச்சிருக்கறவன் ஏலம் கேக்கக் கூடாது. அதான் சட்டம். நீ ஏறு."

"மாமா..."

"ஏறும்மா!"

அவள் ஏறினாள். டென்சில் கூட்டத்துக்குள் போய், சேஷகிரிக்குப் பக்கத்தில் நின்று, கையைத் தூக்கினார். "ரெண்டாயிரம்."

கூட்டம் ஹோவென்றது. டென்சில் ஏலம் விட்டுத்தான் பார்த்திருக்கிறார்கள். கேட்டு யாரும் பார்த்ததில்லை.

ஜெயராஜ் சிரித்தான். "ரெண்டாயிரத்து ஐந்நூறு. அங்கிள், உங்ககூடப் போட்டி போடறதுக்கு எனக்கு சங்கடமா இருக்கு."

"சங்கடப்படாதேப்பா. மூவாயிரம்."

"பெண்கள் சங்கம் அதுக்கு மேல ஐந்நூறு சேக்குது!" என்று மரத்தடியிலிருந்து மௌரீன் குரல் கொடுத்தாள். "யாரு பேர்லன்னு கேக்காதே, செகரட்டரி பேர்லயே வெச்சுக்கோ!" அவள் பக்கத்தில் இருந்த ஒவ்வொருத்தியும் கைப்பையைத் திறந்தாள். கோழி எடுத்தவர் ஒரு நூறு என்றார். கீரை எடுத்தவள் ஐம்பது என்றாள். தெருவிலிருந்து வாழைப்பழம் வாங்க வந்திருந்தவர்கள்கூடப் பைக்குள் கை விட்டார்கள்.

ஜெயராஜ் சுற்றிலும் பார்த்தான். இவர்கள் எல்லோரும் அவன் வாடிக்கைக்காரர்கள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன் அங்கிள். அடுத்த வருஷமும் ஏலம் உண்டுதானே?"

டென்சில் பொய் சொல்லத் தெரியாதவர். "உண்டு. ஒவ்வொரு வருஷமும் உண்டு. நீயும் வரலாம். ஆனா நானும் வருவேன். ஒவ்வொரு வருஷமும் வந்து நிப்பேன்."

ஜெயராஜ் அதற்கு மேல் கேட்கவில்லை.

"ஒரு தரம்" என்றாள் ஐரின். "ரெண்டு தரம்." மூன்றாவது தரத்துக்கு மணியைத் தூக்கியவள் மாமனாரைப் பார்த்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"சொல்லிடும்மா" என்றார் டென்சில் கீழேயிருந்து.

சொன்னாள். மணி அடித்த சத்தம் கோயில் கமிட்டிக்கே கேட்டிருக்கும்.

டென்சில் அங்கேயே திரும்பி சேஷகிரியின் கையைப் பிடித்தார். "ஏலம் எடுத்தவன் யாருக்கு வேணாலும் குடுக்கலாம். நான் கல்யாணிக்குக் குடுத்துட்டேன் ஸார்."

சேஷகிரி தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். பிறகு சட்டென்று வாசல் பக்கம் பார்த்தார்.

"ஸார், அந்தப் பையன் எங்க போறான்?"

ஜெயராஜ் கேட்டைத் தாண்டி நடந்துகொண்டிருந்தான். லாரி நிற்கிற பக்கம் இல்லை. சரிவில், கோயிலை நோக்கி, வேக வேகமாக.

"எங்க கமிட்டிக்காரா எல்லாம் இப்ப வந்து உக்காந்திருப்பா" என்றார் சேஷகிரி. "மண் அடிக்கறதுக்கு லாரி அவன்தான் தர்றதாப் பேச்சு. அவா மனசுல என்னத்தை விதைக்கப் போறானோ! தண்ணி வருதுன்னு நான் போய்ச் சொன்னா மட்டும் நம்புவாளா? சர்ச்காரா சம்மதிக்கவே மாட்டான்னுதான் எல்லாரும் அடிச்சுப் பேசறா."

டென்சில் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். தண்ணீர் தளும்பி கோட்டெல்லாம் நனைந்தது.

"மௌரீன், கேக்கையெல்லாம் நீ வித்துடு. ஐரின், வாம்மா. கால்வாய் எப்படிப் போகுதுன்னு அவங்களுக்கு விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியாது, நீதான் சொல்லணும்."

மூன்று பேரும் சரிவில் இறங்கினார்கள். ஐரினுக்கு ஓட்டமும் நடையுமாகத்தான் மாமனாரோடு ஈடுகொடுக்க முடிந்தது. கோயில் வாசலில் டென்சில் நின்றுவிட்டார். பிறந்ததிலிருந்து இந்த வாசலைக் கடந்து போகிறார். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. உள்ளே ஜெயராஜின் குரல் உரக்கக் கேட்டது. யாரோ "அதான் பார்த்தோமே, அவங்க எங்க தரப்போறாங்க" என்று பதில் சொன்னார்கள்.

டென்சில் குடத்தை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"சேஷகிரி ஸார்" என்றார், "ஷூவை எங்க விடணும்?"